வாசிக்காமல் வைத்த கையெழுத்து

1

எனக்கு எண்பத்தொரு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நாலு பேர் நான் பெற்றவர்கள், இரண்டு பேர் என் தங்கச்சி கண்ணை மூடும்போது என் கையில் தந்துவிட்டுப் போனவர்கள். ஆறு பேருக்கும் ஒரே பானைச் சோறு, ஒரே பிரம்பு. இன்றைக்கு நாலு நாட்டில் இருக்கிறார்கள், ஒருவரும் கெட்டுப்போகவில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் இதற்குப் பிறகு சொல்லப்போகிறதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

ஊர் திருகோணமலைக்குக் கிட்ட, சாம்பல்தீவுப் பக்கம். கடற்கரையில் கருவாட்டு வாடி வைத்திருந்த மணியக்கா என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். மீனைக் கீறி, உப்புப் போட்டு, காயவைக்கிற அந்தக் கொட்டிலில் ஏழெட்டுப் பெண்கள் என்னிடம் வேலை செய்தார்கள். கனடாவுக்கு வந்து பதினெட்டு வருடம். மகள் வதனியோடு இருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தமிழ் எழுதுவேன், உப்பு அள்ளுகிற வேகத்தில் அல்ல, முள் எடுக்கிற வேகத்தில். எங்கள் ஊர்ச்சங்க மலருக்காக இதைக் கொப்பியில் எழுதி முடிக்க நாலு கிழமை பிடித்தது. பிழைகளைத் திருத்தி வதனி கணினியில் அடித்துத் தருகிறாள். சொல்லை மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். இந்த நகரத்தில் பொலிஸ்காரர் மேல் சனங்கள் கொடுக்கும் முறைப்பாடுகளை விசாரிக்க ஒரு சபை இருக்கிறது. பொலிஸே பொலிஸை விசாரித்தால் சரிவராது என்று தனியாக வைத்த சபை. அதையும் சனங்கள் நம்பவில்லையாம். ஆகவே ஊர்ச்சனத்தில் ஆறு பேரைச் சேர்த்து, சபையைத் திருத்தப்போகிறார்களாம். பேத்தி அபி, வதனியின் மூத்தவள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். எனக்குச் சொல்லாமலே என் பெயரில் விண்ணப்பம் போட்டுவிட்டாள். ஒரு நாள் கடிதத்தோடு குசினிக்குள் ஓடிவந்தாள்.

"அம்மம்மா, உங்களைக் கூப்பிட்டிருக்கினம்! இன்டர்வியூ!"

"என்னையோ? எனக்கு என்ன தெரியும் எண்டு?"

"நீங்கள்தானே ஊரிலை பொலிஸ் கொமிட்டியிலை இருந்தனீங்கள். நான் அதைத்தான் எழுதினனான். அப்பிடி அனுபவம் உள்ள ஆள் வேற ஒருத்தரும் இல்லையாம்."

வதனி அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அம்மா, இனி உங்களைப் பிடிக்கேலாது."

நான் சிரிக்கவில்லை. கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன், அதையே உருவிக்கொண்டிருந்தேன். அந்தக் குழுவில் நான் வைத்த ஒரு கையெழுத்தால் ஒரு மனிதனைத் தேடுகிற வழி அடைபட்டது. அவனுடைய மனைவி பூமணி திருகோணமலையில் இன்றும் அவனைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அந்தக் கையெழுத்தைக் காட்டி எனக்கு இன்னொரு கதிரை போடப் பார்க்கிறார்கள்.

2

அபியைக் குறை சொல்ல ஏலாது. கதையைக் கட்டியவள் நான்தான்.

இங்கே புதன்கிழமைகளில் முதியோர் கூடுகிற மண்டபம் ஒன்று உண்டு. பஸ்ஸில் ஆறு தரிப்பிடம். சுடச்சுடச் சாப்பாடு, கொஞ்சம் உடற்பயிற்சி, பிறகு கதை. ஒருவர் தான் அதிபராக இருந்த பள்ளிக்கூடத்தைச் சொல்வார், இன்னொருவர் தன் காணியைச் சொல்வார். நான் என்னத்தைச் சொல்ல? கருவாட்டையா? "பொலிஸ்காரனுக்கு நேரே கதிரை போட்டு இருந்து கேள்வி கேட்டவள் நான்" என்று சொன்னேன். முதல் தடவை சொன்னபோது எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை ருசித்துவிட்டது. பிறகு வருடா வருடம் சொன்னேன்.

அபி சின்னவளாக இருக்கும்போது அவளுக்கும் அதையே சொல்லி வளர்த்தேன். அப்போது அவளுக்குத் தமிழ் ஓடாது. 'சாப்பிட்டன்' என்பதை விட்டால் மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் வரும். ஆனால் இந்தக் கதையை மட்டும் தமிழில் கேட்பாள். பள்ளிக்கூடத்தில் 'எனக்குப் பிடித்த துணிச்சலான மனிதர்' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது என்னைப் பற்றி எழுதிவிட்டு வந்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு எட்டாம் வகுப்புவரை போனது, என்னுடைய கதையை நான் எழுதித் தந்தால் வாசிக்கலாம் என்றுதான். மற்றப் பேரப்பிள்ளைகள் எல்லாரும் என்னோடு கையால்தான் கதைக்கிறார்கள், வா, போ, இரு. இவள் ஒருத்திதான் வாயால் கதைப்பவள். அவளையும் இழக்கப்போகிறேனோ என்று அந்தக் கடிதத்தைப் பார்த்தபோது பயம் வந்தது.

கடிதத்தோடு ஏழு பக்கப் படிவமும் வந்தது. இந்த நாட்டில் படிவம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. வதனி நிரப்பினாள். கடைசியில் ஒரு கோடு, அதன்மேல் கையெழுத்து. பேனையை வாங்கினேன், வைக்க ஏலவில்லை. "கண்ணாடி எங்கையோ" என்று எழும்பிப் போய்விட்டேன். கண்ணாடி என் மூக்கில்தான் இருந்தது. வதனி அதைக் கண்டாள், படிவத்தை மடித்து வைத்தாள்.

3

அது ஒரு சண்டை ஓய்ந்து அடுத்த சண்டை தொடங்காதிருந்த காலம். அகதி முகாமிலிருந்து வீட்டுக்குத் திரும்பி, வாடிக்குப் புதுக் கிடுகு வேய்ந்திருந்தோம். தெருவுக்குத் தெரு சோதனைச்சாவடி. துறைமுக வேலைக்குப் போகிறவர்கள், மீன் விற்கப் போகிறவர்கள், யாரையும் எங்கேயும் வண்டியிலிருந்து இறக்கிப் பிடிப்பார்கள். சிலரை இரண்டு நாள் வைத்திருந்து விடுவார்கள். சிலர் வரமாட்டார்கள்.

அப்போது மேலிடத்திலிருந்து ஒரு ஏற்பாடு வந்தது. பொலிஸ் நிலையத்துக்கு ஊர்ச்சனத்தில் ஏழு பேர் கொண்ட முறைப்பாட்டுக் குழு. மாதத்தில் முதல் சனிக்கிழமை காலை குழு கூடும். பொலிஸ் அடித்தது, பிடித்தது, சைக்கிளைப் பறித்தது, எல்லாவற்றையும் சனங்கள் வந்து சொல்லலாம். நிலையப் பொறுப்பதிகாரி, ஓ.ஐ.சி., பதில் சொல்லவேண்டும். முறைப்பாடும் பதிலும் ஒரு பெரிய கொப்பியில் ஏறும். கீழே ஏழு பேரும் கையெழுத்து வைப்போம். எங்கள் பக்கத்துப் பொலிஸ் நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

தலைவர் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஐயா. மூதூரிலிருந்து வந்து டவுனில் பலகை விற்கிற மரக்காலை போட்டிருந்த ஹனிபா நானா ஒருவர். ஒரு பெண் கட்டாயம் வேண்டும் என்று தபாலதிபர் ஐயா என் வாடிக்கு வந்தார்.

"மணி, உனக்குச் சிங்களம் நல்லாத் தெரியுமாமே?"

"ஓம் ஐயா. தண்ணி மாதிரி."

பொய் இல்லை. நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து சீசனுக்கு வருகிற மீனவர்களிடம் இருபது வருடம் பேரம் பேசியவள் நான். அவர்களுடைய ஏச்சுக்கூட எனக்கு அத்துப்படி. ஆனால் ஐயா அடுத்ததாகக் கேட்டார்:

"எழுத வாசிக்கவும்?"

வாடிப் பெண்கள் எல்லாரும் கையில் மீனோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூமணியும் அதில் ஒருத்தி. எனக்குச் சிங்களத்தில் ஒரு எழுத்தும் தெரியாது. "ஓம்" என்றேன்.

அவ்வளவுதான். பிறகு எல்லாம் அந்த ஒரு 'ஓம்'மில் இருந்து வந்தது.

முதல் மாதம் கொப்பியில் எழுதியதை சார்ஜன் சிங்களத்தில் உரக்க வாசித்தான். நான் கேட்டு, சிங்களம் தெரியாத மற்ற ஆறு பேருக்கும் தமிழில் சொன்னேன். ஒரு இடத்தில், "அப்பிடி அவன் சொல்லேல்லை, மாத்து" என்றும் சொன்னேன். மாற்றினான். எனக்கு உச்சி குளிர்ந்தது. குடிக்கப் பிளேன்ரீ தந்தார்கள். கதிரை தந்தார்கள். முகாமில் சோற்றுக்கு வரிசையில் நின்ற எனக்கு, பொலிஸ் நிலையத்தில் கை வைத்த கதிரை.

இரண்டாம் மாதம் ஓ.ஐ.சி. சிரித்துக்கொண்டே என்னைக் காட்டிச் சிங்களத்தில் சொன்னார், "நோனாவுக்கு வாசிக்கத் தெரியுந்தானே, பிறகு ஏன் இவன் நின்று கத்தவேண்டும்? நோனாவே பார்த்துச் சொல்லட்டும்." நான் அதைத் தமிழில் சொன்னதும் தபாலதிபர் ஐயாவும், "ஓம், நேரமும் மிச்சம்" என்றார். கொப்பியை என் பக்கம் தள்ளினார்கள்.

நான் விரலை வைத்து வரி வரியாக இழுத்தேன். பக்கத்தின் அடியில் கொஞ்சம் நிறுத்தி, தலையை ஆட்டினேன். "சரி" என்றேன். ஏழு பேரும் கையெழுத்து வைத்தோம். முதல் கையெழுத்து என்னுடையது. அதை வீட்டில் வைத்துப் பழகியிருந்தேன், கடைசி எழுத்தில் ஒரு வளைவு வரும்.

யோசித்துப் பாருங்கள். வாசிக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் போதும். காதால் கேட்டால் எனக்கு ஒரு சொல்லும் தப்பாது. உரக்க வாசிக்கிற அந்த ஒரு வழக்கம்தான் எங்களிடம் இருந்த பூட்டு. அதைப் பொலிஸ் உடைக்கவில்லை. என்னுடைய நடிப்பை நம்பி நாங்களே கழற்றிக் கொடுத்தோம்.

4

பூமணியின் புருசன் நவம். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற வேலை. சத்தமில்லாத மனிசன். பின்னேரம் வாடிக்கு வந்து பூமணிக்காகக் காத்திருப்பான், காத்திருக்கிற நேரம் சும்மா இராமல் உப்புச் சாக்கைத் தூக்கி வைப்பான். வாடிப் பெண்கள் அவளைப் பகிடி பண்ணுவார்கள்.

"பூமணி, உன்ர கப்பல் வந்திட்டுது. போய் இறக்கு."

ஒரு நாள் கப்பல் வரவில்லை. வேலையால் வருகிற வழியில் சோதனைச்சாவடியில் இறக்கினார்களாம். கூட வேலை செய்த இரண்டு பேர் அடுத்த நாள் பொலிஸ் நிலையத்துப் பின்பக்கக் கம்பிக்கூட்டில் அவனைக் கண்டார்கள். பூமணி போய்க் கேட்டாள், இங்கே இல்லை என்றார்கள். ஐந்தாம் நாள் சனிக்கிழமை, குழு கூடுகிற நாள்.

காலையிலேயே என் வீட்டு வாசலில் நின்றாள். முழுகி, கலியாணச் சேலை உடுத்திருந்தாள்.

"இதென்னடி கோலம்?"

"பெரிய இடத்துக்குப் போறன் எல்லே அக்கா. அவங்கள் மதிக்கவேணும்." பிறகு என் கையைப் பிடித்தாள். "நீங்கள் உள்ளுக்கை இருக்கிறீங்கள். அதுதான் எனக்குத் தைரியம்."

அவளை உள்ளே விடவில்லை. கேற்றுக்கு வெளியே மரத்தடியில் நின்றாள். நாங்கள் கேட்டோம். ஓ.ஐ.சி. முகம் மாறாமல் சொன்னார், இங்கே வைத்திருந்தது உண்மை, விசாரணைக்காக மேலிடத்துக்கு அனுப்பிவிட்டோம், எந்த இடம் என்று கொப்பியில் எழுதித் தருகிறோம் என்று. எங்களுக்குப் பெரிய வெற்றி போல இருந்தது. இல்லை என்றவர்கள் இருந்தது என்று ஒத்துக்கொண்டார்களே! சார்ஜன் எழுதினான். கொப்பி என்னிடம் வந்தது. விரலை வைத்தேன்.

ஹனிபா நானா பக்கத்தில் இருந்தவர் குனிந்தார். "தங்கச்சி, இது உயிர் விசயம். அவனை ஒருக்கா உரக்க வாசிக்கச் சொல்லுவமா?"

சார்ஜன் பார்த்துக்கொண்டிருந்தான். தபாலதிபர் ஐயா பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் அந்தக் கோபத்தின் சூடு நினைவிருக்கிறது.

"ஏன் நானா, எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு நினைச்சீங்களோ?"

"சேச்சே, நான் அப்பிடிச் சொல்லல்ல."

"பிறகென்ன? நான்தானே பாக்கிறன்."

அவர் கையை எடுத்துவிட்டார். நான் "சரி" என்றேன். வளைவோடு கையெழுத்து வைத்தேன். எனக்குப் பிறகு ஆறு பேர். ஹனிபா நானா கடைசியாக வைத்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு.

வெளியே வந்து பூமணியிடம் சொன்னேன்: "பயப்பிடாதை. எழுத்திலை தந்திட்டாங்கள். இனி அவங்களுக்குத் தப்பேலாது." எந்த இடம் என்று கேட்டாள்; "கொப்பியிலை இருக்கு, பிறகு சொல்லுவாங்கள்" என்றேன். அவள் அந்த இடத்திலேயே மண்ணில் குந்தி அழுதாள். நல்ல அழுகை.

5

சில மாதம் போயும் நவம் வரவில்லை. டவுனில் ஒரு சட்டத்தரணி ஐயா கூலி வாங்காமல் வழக்குப் போட்டார், ஆளைக் கோட்டில், நீதவானுக்கு முன்னால், கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் வழக்கு. பொலிஸ் அந்தக் கொப்பியைக் கோட்டில் காட்டியது. அதில் சிங்களத்தில் இப்படி இருந்ததாம்: 'மேற்படி நபர் இன்று காலை குழு உறுப்பினர் எழுவரின் முன்னிலையில் விடுதலை செய்யப்பட்டார். குழுவுக்கு இதில் மேலும் முறைப்பாடு இல்லை.' கீழே ஏழு கையெழுத்து.

சட்டத்தரணி ஐயா நகலோடு என் வாடிக்கு வந்தார். பூமணியும் வந்தாள். வேலை நேரம், பெண்கள் எல்லாரும் நின்றார்கள்.

"அம்மா, மற்ற ஆறு பேரும் உங்களை நம்பி வைச்சதெண்டு சொல்லீனம். நீங்கள் ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். எனக்குச் சிங்களம் வாசிக்க ஏலாது எண்டு கோட்டிலை சொல்லுங்கோ. இந்தப் பக்கம் அதோடை விழுந்திடும்."

மறுபடியும் சொல்கிறேன், அவர் கேட்டது அவ்வளவுதான். பொலிஸைக் குற்றம் சாட்டச் சொல்லவில்லை. யார் மேலும் கை நீட்டச் சொல்லவில்லை. எனக்கு ஏலாது என்று சொல்லச் சொன்னார்.

"எனக்கு வாசிக்க ஏலும்," என்றேன். "நான் வாசிக்கேக்கை அப்பிடி இல்லை. பிறகு மாத்திப்போட்டாங்கள்."

அவர் நகலை என்னிடம் நீட்டினார். எழுத்து முடிகிற வரிக்கு அடுத்த வரியிலேயே என் கையெழுத்து. இடையில் மாற்ற இடமே இல்லை. "அப்ப இதிலை இருக்கிறதை ஒருக்கா வாசியுங்கோ அம்மா," என்றார், மெதுவாக.

"கண்ணாடி வீட்டிலை."

அவர் விளங்கிக்கொண்டார். பூமணி முன்னால் என்னை உரித்துப் போட விரும்பவில்லையோ என்னவோ, நகலை மடித்துக்கொண்டு போனார். வழக்கு தள்ளுபடியானது.

பயத்தால் சொல்லாமல் விட்டேன் என்று எழுதலாம். அந்தக் காலத்தைத் தெரிந்த நீங்கள் எல்லாரும் நம்புவீர்கள், பாவம் என்பீர்கள். பயம் இல்லை. பயம் என்றால் அவர்கள் மாற்றிப்போட்டார்கள் என்று கடற்கரை முழுக்கக் கேட்கச் சொல்லியிருப்பேனா? வெட்கம். வாடிப் பெண்கள் ஏழெட்டுப் பேருக்கு முன்னால், எனக்கு எழுத்துத் தெரியாது என்று சொல்ல வெட்கம். ஒரு மனிசனைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது.

எனக்காக வாதாடியவள் யார் தெரியுமா? பூமணி. "அக்கா வாசிச்சுத்தான் வைச்சவ, அவங்கள்தான் பிறகு மாத்தினவங்கள்" என்று சந்தையில், கோயிலில், யாராவது முணுமுணுத்தால் சண்டைக்குப் போவாள். ஹனிபா நானா மட்டும் ஒரு நாள் வாடிக்கு வந்து, கருவாடும் வாங்காமல், "தங்கச்சி, நானும் உங்களைக் கேட்டுத்தான் கையெழுத்து வெச்ச" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த கூட்டத்தோடு குழுவை விட்டார். நான் விடவில்லை. இன்னும் ஒன்பது மாதம் அந்தக் கதிரையில் இருந்தேன். விரலால் வரி இழுத்தேன். அந்த ஒன்பது மாதத்தில் இன்னும் என்னென்னத்துக்குக் கையெழுத்து வைத்தேன் என்று எனக்குத் தெரியாது.

6

இங்கே நேர்காணல் பகல் பதினொரு மணிக்கு. கண்ணாடிக் கட்டடம், நாலாம் மாடி. பொலிஸ் நிலையத்துக்கு உள்ளே இல்லாமல் வேறு இடத்தில் இருந்தது, அது நல்லது என்று நினைத்தேன். கேள்வி கேட்டவ ஒரு வெள்ளைக்காரப் பெண், என் கடைசி மகளின் வயது இருக்கும். அபி மொழிபெயர்க்க வந்தாள். கழுத்துப்பட்டி வைத்த சட்டை போட்டிருந்தாள். எனக்கும் தலை இழுத்துக் கட்டிவிட்டிருந்தாள்.

"உங்கள் குழு எப்படி வேலை செய்தது என்று சொல்லுங்கள்," என்றா அந்தப் பெண்.

நான் சொல்லத் தொடங்கினேன். கதிரை, கொப்பி, பிளேன்ரீ. அபி உற்சாகமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள், அவளுக்கு மனப்பாடமான கதை. பிறகு, அவளுக்கு நான் ஒருநாளும் சொல்லாத இடத்துக்கு வந்தேன்.

"எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. தெரியும் எண்டு பொய் சொல்லித்தான் அந்தக் குழுவிலை இருந்தனான்."

அபி என் பக்கம் திரும்பினாள். "அம்மம்மா, இதைச் சொல்லவேணுமா?"

"சொல்லு. நீ குறைச்சால் எனக்குத் தெரியும்."

அவள் சொன்னாள். நான் ஒவ்வொரு வசனமாகச் சொல்ல, ஒவ்வொன்றாகச் சொன்னாள். நவம். ஹனிபா நானா. நகல். கண்ணாடி. போகப்போக அவளுடைய குரல் குறைந்தது. நவத்தின் பெயரை இரண்டாம் தடவை சொல்லும்போது தண்ணீர் கேட்டாள்.

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டா. பிறகு கேட்டா, "அப்படியென்றால் எங்கள் சபையை எப்படித் திருத்தலாம் என்று நினைக்கிறீர்கள்?"

நாலு கிழமையாக நான் யோசித்ததைச் சொன்னேன். கொப்பி யாருடைய அலுமாரியில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். எழுதுகிற கை யாருடையது என்று பாருங்கள், முறைப்பாடு யார் மேலோ அவனுடைய கையாக இருக்கக்கூடாது. வந்து முறையிட்டவரைக் கேற்றுக்கு வெளியே நிற்க வைக்காதீர்கள். எழுதியதை அவருடைய மொழியில் அவருக்கே உரக்க வாசியுங்கள், அவர் ஓம் என்ற பிறகு ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள். பூமணியின் கையில் அன்றைக்கே ஒரு பிரதி இருந்திருந்தால், டவுனில் வாசிக்கத் தெரிந்த யாராவது ஒருவரிடம் பின்னேரமே காட்டியிருப்பாள். ஆளை எங்கே அனுப்பினோம் என்று சொன்னால், அந்த இடத்துக்கு இத்தனை நாளுக்குள் சபையில் ஒருவர் நேரில் போய்ப் பார்க்கவேண்டும்.

"கடைசியா ஒண்டு," என்றேன். "சபையிலை இருக்கிற ஆக்களையும் ஆராவது கேள்வி கேக்கவேணும். எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை. பொலிஸை நாங்கள் பாத்தம். எங்களை ஆர் பாத்தது?"

அபி அதைச் சொன்னபோது அந்தப் பெண் தலையைக் குனிந்து எழுதினா. கதிரை தருவார்களா என்று நான் கேட்கவில்லை. அறிவிப்போம் என்றார்கள். அறிவிக்கட்டும்.

பஸ்ஸில் அபி யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு தரிப்பிடம் போன பிறகு கேட்டாள்:

"பூமணி அம்மம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்லை."

"இன்னும் இருக்கிறாவா?"

"இருக்கிறாள்."

"அப்ப ஏன் முதல்லை அந்த லேடிக்குச் சொன்னீங்கள்?"

எண்பத்தொரு வயதில் என்னை இப்படி ஒருவரும் கேட்டதில்லை. தெரியாத ஆளுக்குச் சொல்வது சுகம். அவவுக்கு நவம் ஒரு பெயர். பூமணிக்குச் சொல்வதுதான் சொல்வது. மற்றதெல்லாம் இன்னொரு கதிரையில் இருந்து பேசுவதுதான்.

7

வீட்டுக்கு வந்து வதனியிடம் கேட்டேன். அவள் பூமணியின் மகளோடு இடைக்கிடை தொலைபேசியில் கதைப்பாள். அங்கே காணாமல் போனவர்களைத் தேடுகிற ஒரு அலுவலகத்தில் பழைய கோப்புகளைத் திரும்ப எடுத்திருக்கிறார்களாம். நவத்தின் கோப்பில் அந்தப் பக்கம்தான் இன்னும் குறுக்கே கிடக்கிறது. கையெழுத்து வைத்தவர்களில் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டார்களாம். பூமணி என் பெயரைச் சொல்லவில்லையாம்.

"ஏனாம்?"

வதனி தயங்கினாள். "'அக்காவை இந்த வயதிலை அலைக்கழிக்கக்கூடாது' எண்டவவாம்."

ஆகவே நானே சொல்கிறேன். இந்த மலரை வாசிக்கிற எங்கள் பக்கத்து ஆட்களில் யாராவது தயவுசெய்து இதைப் பூமணியின் வீட்டுக்குக் கொண்டுபோய், அவளுக்கு முன்னால் இருந்து வாசியுங்கள். இதையே ஒரு கடிதமாகவும் எழுதி, இங்கே ஒரு சட்டத்தரணி முன்னால் சத்தியம் செய்து, அந்த அலுவலகத்துக்கு அனுப்புகிறேன்.

எனக்குச் சிங்களம் வாசிக்க அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாமல் கையெழுத்து வைத்தேன். அன்று காலை நவம் விடுதலையானதை நான் காணவில்லை. குழுவில் ஒருவரும் காணவில்லை. நாங்கள் அவனை அங்கே காணவே இல்லை. மற்ற ஆறு பேரும் என்னை நம்பி வைத்தார்கள். ஹனிபா நானா உரக்க வாசிக்கச் சொன்னார், நான் தடுத்தேன். பிறகு மாற்றினார்கள் என்று நான் சொன்னது பொய்.

பூமணி, மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதிப் பார்த்தேன். அந்தச் சொல் போதாது என்று வெட்டிவிட்டேன். நீ எனக்காக யார் யாரோடெல்லாம் சண்டை போட்டாய். இனிமேல் போடாதே. அவர்கள் சொன்னது சரி. நீ என்னோடு கதைக்காவிட்டாலும் சரி. உன் கோப்பு மட்டும் நகரவேண்டும்.

வதனி அடித்து முடித்துக் கடதாசியை மேசையில் வைத்திருக்கிறாள். அபி பஸ்ஸில் கேட்ட கேள்விக்குப் பிறகு என்னோடு அதிகம் கதைக்கவில்லை. ஆனால் கூப்பிட்டவுடன் வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருக்கிறாள்.

"முழுக்கவா அம்மம்மா? எனக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும்."

"எடுக்கட்டும். தலைப்பிலை இருந்து உரக்க வாசி பிள்ளை. விளங்காத சொல் வந்தால் தாண்டிப் போகாதை, நிப்பாட்டிக் கேள். நான் இன்னும் கையெழுத்து வைக்கேல்லை."